உங்கள் பெயரைத் தேடியது யார்?

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. டெலிகிராமில் இயங்கிய ஒரு சாட்பாட் பற்றி மலையாள ஊடகங்கள் முதலில் எழுதின. அன்றே நாடு முழுக்கச் செய்தி பரவியது. அந்த பாட்டுக்கு ஒரு செல்போன் எண்ணை அனுப்பினால் போதும். அந்த எண்ணில் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்தவரின் பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, ஊசி போட்டுக்கொண்ட மையம், பதிவின்போது கொடுத்த அடையாள அட்டையின் எண் எல்லாம் திரையில் வந்து நின்றன. ஆதார் கொடுத்தவருக்கு ஆதார் எண், பாஸ்போர்ட் கொடுத்தவருக்கு பாஸ்போர்ட் எண். மத்திய சுகாதாரத் துறைச் செயலாளரின் விவரங்களே அதில் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன.

வந்த பதிலில் ஒரு ஆள் மட்டும் இல்லை. தடுப்பூசிப் பதிவுக்கான அரசுத் தளமான கோவினில் ஒரே செல்போன் எண்ணில் முதலில் நான்கு பேர் வரை பதிவு செய்யலாம் என்று இருந்தது. 2022 ஜனவரியில் அது ஆறு பேர் ஆனது. நம் வீடுகளில் அந்த வசதியை எப்படிப் பயன்படுத்தினோம் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்மார்ட்போன் வைத்திருந்த மகனோ மகளோ அப்பா, அம்மா, மாமியார், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி என்று எல்லோரையும் தன் எண்ணிலேயே பதிந்தார்கள். அதனால் அந்த ஒரு எண்ணைத் தட்டியவருக்கு ஒரு குடும்பமே கிடைத்தது.

இந்தச் செய்திகளுக்கு அடிப்படை இல்லை, இவை விஷமத்தனமானவை என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. ஓ.டி.பி. இல்லாமல் கோவின் தரவைப் பார்க்க முடியாது என்றது. கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் ஆராய்ந்து, அந்த பாட் கோவின் தரவுத்தளத்தை நேரடியாக அணுகவில்லை என்று முதற்கட்ட அறிக்கை தந்தது. அதே மாதத்தில் பீகாரைச் சேர்ந்த ஒருவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. பாட் மூடப்பட்டது.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த பாட்டிடம் கேட்டவர்கள் யார்? யாருடைய எண்ணைக் கொடுத்துத் தேடினார்கள்? விட்டுப்போன காதலியின் எண்ணையா, கடன் வாங்கியவரின் எண்ணையா, வழக்குப் போட்ட பங்காளியின் எண்ணையா? தேடப்பட்டவருக்கு அதைச் சொல்வதற்கு அந்த பாட்டில் இடமே கிடையாது. விவரம் வெளியே போனது பெரிய அநியாயம். அது யார் கைக்குப் போனது என்பதே தேடப்பட்டவருக்குத் தெரியாமல் போனது அதைவிடப் பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

டீக்கடையின் மூன்று கேள்விகள்

ஊர்ப்பக்கம் ஒருவரைத் தேடிப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் நின்று, “வாத்தியார் மகன் முருகேசன் வீடு எதுங்க?” என்று கேட்டால் உடனே வழி வராது. “நீங்க யாரு? எங்கேருந்து வர்றீங்க? என்ன விஷயமா?” என்று மூன்று கேள்விகள் வரும். பதில் மனசுக்குச் சரியென்று பட்டால், கடைக்காரர் ஒரு பையனைக் கூடவே அனுப்பி வைப்பார். சரியாகப் படவில்லை என்றால், “அவங்க வெளியூர் போயிருக்காங்களே” என்று முடித்துக்கொள்வார். எது நடந்தாலும் பொழுது சாய்வதற்குள் முருகேசனுக்குத் தகவல் போய்விடும்: “உன்னைத் தேடி ஒருத்தர் வந்தாருப்பா.”

அந்த ஊருக்கு எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. ஆனாலும் அதன் பழக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. தேடுகிறவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும். தேடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். தேடப்பட்டவருக்கு அது தெரிந்தாக வேண்டும். கணினியில் ஆள் தேடுவது தொடங்கிய நாட்களில் இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் அங்கேயும் இருந்தன. இன்று ஒரு சாய்வுக்கோடு போட்டு ஒரு சொல் தட்டினால் பாட் பதில் தருகிறது, எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

விரல் வைத்துத் தேடியவர்கள்

1970-களின் தொடக்கம். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம். ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. இப்போது உள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்க்க ‘ஹூ’ என்ற கட்டளை இருந்தது. அது காட்டியது சுருக்கப் பெயர்களையும் டெர்மினல் எண்களையும்தான். தனக்கு வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க, ஆட்கள் அந்தப் பட்டியலின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போவார்கள். அந்த ஆய்வகத்தில் இருந்த லெஸ் எர்னஸ்ட் அதைக் கவனித்தார். 1971-ல் அவர் எழுதிய புரோகிராமுக்கு ‘ஃபிங்கர்’ என்றே பெயர் வைத்தார். ஒருவரின் முழுப்பெயர், எங்கே உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு நேரமாகக் கை வைக்காமல் இருக்கிறார் என்பதையெல்லாம் அது சொன்னது.

அதில் என்னைக் கவர்ந்த அம்சம் ‘பிளான்’ என்ற சின்னக் கோப்பு. ‘வெள்ளிக்கிழமை வரை ஊரில் இல்லை’, ‘மதியத்துக்கு மேல் வருவேன்’ என்று ஒவ்வொருவரும் தாங்களே அதில் எழுதி வைக்கலாம். யாராவது அவரைத் தேடினால் அந்த வரிகள் தேடியவருக்குத் தெரியும். தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தேடப்படுகிறவரே முடிவு செய்தார். வெளியே கிளம்பும் முன் எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது அது.

அதே காலத்தில், அதே மாநிலத்தின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி இன்னொரு வேலையைக் கையில் எடுத்தார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டின் தகவல் மையத்தில் 1972-ல் சேர்ந்து, பிறகு அதற்குத் தலைமை ஏற்றார். நெட்வொர்க்கில் எந்தக் கணினி எங்கே இருக்கிறது, யார் பொறுப்பாளர், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்ற டைரக்டரியைப் பராமரித்தது அவருடைய குழுதான். அந்த மையத்தின் தேடல் சேவையான ‘ஹூயிஸ்’ பற்றிய ஆவணம் 1982 மார்ச்சில் வெளியானது. ஒரு பெயரைத் தட்டினால் அவருடைய முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் வரும்.

அன்று அது யாரையும் பயமுறுத்தவில்லை. காரணம் எளிது. தேடியவரின் பெயரும் அதே டைரக்டரியில் இருந்தது. ஆராய்ச்சியாளர்களும் ராணுவத்தின் ஆய்வுப் பிரிவினரும் அடங்கிய சின்ன ஊர் அது. ஊர் பெருநகரமாக வளர்ந்த பிறகும் டைரக்டரி அப்படியே திறந்து கிடந்ததில்தான் வினை தொடங்கியது. சொந்தமாக ஒரு டொமைன் வாங்கிய சாதாரண மனிதரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் உலகத்தில் யார் கேட்டாலும் கிடைக்கும்படி பல ஆண்டுகள் இருந்தன. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனிநபர் தரவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் அந்த விவரங்களுக்குத் திரை விழுந்தது. 2025 ஜனவரி 28-க்குப் பிறகு டாட்காம் போன்ற பொது டொமைன்களுக்கு ஹூயிஸ் சேவை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமே நீங்கியது. அதன் இடத்துக்கு வந்த ‘ஆர்டாப்’ என்ற முறையில், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து எவ்வளவு காட்டலாம் என்று பிரித்து வைக்க வழி இருக்கிறது. டீக்கடையின் முதல் கேள்வியைக் கற்றுக்கொள்ளக் கணினிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அரட்டை அறையின் ஒழுங்கு

1988 ஆகஸ்டில், பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் என்ற இளைஞர் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை உருவாக்கினார். இன்றைய வாட்ஸ்அப் குரூப், டெலிகிராம் குரூப், டிஸ்கார்டு எல்லாவற்றுக்கும் அது மூத்த அண்ணன். சாய்வுக்கோட்டில் தொடங்கும் கட்டளைகளை நம் விரல்களுக்குப் பழக்கியதும் அதுதான். ‘/லிஸ்ட்’ என்றால் இருக்கும் அறைகளின் பட்டியல். ‘/நேம்ஸ்’ என்றால் ஒரு அறைக்குள் இருப்பவர்களின் பெயர்கள். ‘/ஹூயிஸ்’ என்று ஒரு பெயரைச் சேர்த்தால் அவர் யார், எங்கிருந்து வந்திருக்கிறார், எந்தெந்த அறைகளில் இருக்கிறார் என்ற விவரம். உறுப்பினரிடமிருந்து குழுவுக்கும், குழுவிலிருந்து உறுப்பினருக்கும் இரண்டே கட்டளைகளில் போய்வரலாம்.

இதன் ஆபத்து அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1993-ல் வந்த அதன் விதி ஆவணத்திலேயே மறைவுக்கும் வழி இருக்கிறது. ஒரு பயனர் தன்னைக் ‘கண்ணுக்குத் தெரியாதவர்’ என்று குறித்துக்கொண்டால், அவரோடு ஒரே அறையில் இல்லாதவர்கள் பொதுவாகத் தேடும்போது அவர் பெயர் வராது. ஒரு அறையை ‘ரகசியம்’ என்று குறித்தால் பட்டியலில் அந்த அறையே இருக்காது. உள்ளே இருப்பவருக்கு உள்ளே இருப்பவரைத் தெரியும். வெளியாளுக்குத் தெரியாது.

ஐ.ஆர்.சி.யில் வளர்ந்த பாட்களில் நீண்ட காலம் நிலைத்தது ‘எக்டிராப்’. 1993 டிசம்பரில் ராபி பாயிண்டர் அதை எழுதியதற்குக் காரணம், தன்பால் ஈர்ப்புள்ள இளையோர் கூடிய ஒரு அறையைச் சண்டைக்காரர்கள் ஓயாமல் தாக்கியதுதான். யார் உறுப்பினர், யார் நம்பிக்கைக்குரியவர், யாரை உள்ளே விடக் கூடாது என்ற பட்டியலை அந்த பாட் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. உறுப்பினர் பட்டியல் அங்கே ஒரு காவல். வேறு எங்கும் பாதுகாப்பாகப் பேச இடமில்லாத பிள்ளைகளுக்கு அது அரணாக இருந்தது. பட்டியலும் பாட்டும் தம்மளவில் தீயவை என்று நான் சொல்லவில்லை. யாருக்காக அவை நிற்கின்றன என்பதே என் கேள்வி.

அந்த அறைகளில் ‘சீன்’ என்று இன்னொரு கட்டளை இருந்தது. ஒரு பெயரைச் சேர்த்துக் கேட்டால், அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று பாட் சொல்லும். வெகுநாளாகக் காணாத நண்பரை விசாரிக்கும் பாசம் அதில் உண்டு. அறைக்குள் கேட்டால் எல்லோர் முன்னிலையிலும்தான் கேட்க வேண்டும். ஒருவன் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு நாளுக்குப் பத்து முறை கேட்டால் அறையே அதைப் பார்க்கும், யாராவது ஒருவர் “என்ன விஷயம்?” என்று கேட்பார். சில ஐ.ஆர்.சி. சர்வர்களில் தன்னை யாராவது ‘ஹூயிஸ்’ போட்டால் உடனே தெரிந்துகொள்ளும் வசதியும் இருந்தது. அது நிர்வாகிகளுக்கு மட்டுமே கிடைத்தது. பாதுகாப்பு குறைவாக இருந்த சாதாரண உறுப்பினருக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. அதை அவருக்குக் கொடுக்கவில்லை.

பாட்டுக்குப் போட்ட வேலிகள்

2015 ஜூனில் டெலிகிராம் தன் பாட் தளத்தைத் திறந்தது. ‘பாட்ஃபாதர்’ என்ற பாட்டிடம் பேசி, பெயர் வைத்து, ஒரு டோக்கன் வாங்கிவிட்டால் கல்லூரி மாணவரும் ஒரு மாலைப்பொழுதில் பாட் செய்துவிடலாம். அந்தத் தளம் பாட்களுக்குப் போட்டிருக்கும் வேலிகள் பலருக்கும் தெரியாது.

பாட் தானாக முன்வந்து உங்களிடம் பேச முடியாது. நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் செல்போன் எண் அதற்குத் தெரியாது, நீங்களே பொத்தானை அழுத்திக் கொடுத்தால்தான் கிடைக்கும். குழுவில் சேர்த்தாலும், சாதாரணமாக அது எல்லாப் பேச்சையும் படிக்காது. கட்டளையாக வருவதையும் தனக்கு வரும் பதில்களையும் மட்டும் பார்க்கும். அட்மின் ஆக்கினால் எல்லாவற்றையும் படிக்கும். குழுவில் எத்தனை பேர், அட்மின்கள் யார் யார் என்று பாட் கேட்கலாம். குறிப்பிட்ட ஒருவர் உறுப்பினரா என்று ஒவ்வொருவராகக் கேட்கலாம். ‘உறுப்பினர்கள் எல்லோரின் பட்டியலையும் கொடு’ என்று மொத்தமாகக் கேட்கும் கட்டளை பாட்களுக்குத் தரப்படவில்லை. டிஸ்கார்டிலும் உறுப்பினர் பட்டியலைப் பார்க்க பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். 100 சர்வர்களுக்கு மேல் பரவும் பாட், அந்த அனுமதிக்கு நிறுவனத்தின் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும்.

இந்த வேலிகள் நல்லவை. ஆனால் இவை பாட்டுக்கு வெளியே இருந்து கொண்டுவந்து கொட்டப்படும் தரவைத் தடுக்காது. எங்கோ திருடப்பட்ட பட்டியலை ஒருவர் தன் கணினியில் வைத்துக்கொண்டு, அதற்கு வாசலாக ஒரு பாட்டை நிறுத்தினால், டெலிகிராமின் உறுப்பினர் விதிகள் அங்கே உதவாது. முன்பெல்லாம் திருட்டுத் தரவை வாங்க, அது விற்கும் இருட்டுச் சந்து தெரிந்திருக்க வேண்டும், கோப்பைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாட் அந்த இரண்டு தடைகளையும் எடுத்துவிட்டது. குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவருக்கு அடுத்தவரின் அந்தரங்கம் கிடைக்கும்.

கடவுளின் கண்

ரஷ்யாவில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘புரோபிவ்’. துளைத்துப் பார்ப்பது என்று பொருள் கொள்ளலாம். கசிந்த தரவுகளையும், வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம், காவல் துறை ஆகியவற்றின் ஊழியர்கள் காசுக்கு எடுத்துக்கொடுக்கும் விவரங்களையும் விற்கும் சந்தை அது. அந்தத் துறையில் புகழ்பெற்ற டெலிகிராம் பாட்டின் பெயர் ‘கடவுளின் கண்’. ஒரு தொலைபேசி எண்ணையோ காரின் பதிவு எண்ணையோ கொடுத்தால் ஆளைப் பற்றிய தொகுப்பு வரும். 2021 ஜூலையில் மாஸ்கோவின் தகான்ஸ்கி நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாட் முடக்கப்பட்டதும் அதன் நகல்கள் முளைத்தன.

இதே சந்தையிலிருந்து வாங்கிய தொலைபேசி, பயண விவரங்களைக் கொண்டுதான், எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னிக்கு நஞ்சு கொடுத்ததன் பின்னால் இருந்த உளவுத் துறைக் குழுவை 2020 டிசம்பரில் பெல்லிங்கேட் புலனாய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். பத்திரிகையாளர்களின் அந்த வேலையை நான் மதிக்கிறேன். அவர்கள் தங்கள் பெயரோடு வெளியே வந்து, எதற்காகத் தேடினோம், எப்படித் தேடினோம் என்று உலகத்தின் முன் எழுதி வைத்தார்கள். டீக்கடையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தேடியவர்கள் அவர்கள். அதே சந்தையில் தன் முன்னாள் மனைவியின் புது முகவரியைத் தேடுகிறவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. 2024-ன் இறுதியில் ரஷ்யா இத்தகைய தரவு வியாபாரத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்தக் கதை நமக்குத் தூரமானது இல்லை. 2024 செப்டம்பர் 20-ல் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் பாட்கள் வழியாகக் கிடைத்தன. ஒரு பாட், இழப்பீட்டுக் கோரிக்கை ஆவணங்களை பி.டி.எஃப். கோப்பாகவே தந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் தங்களிடம் இருப்பதாக இன்னொரு பாட் சொன்னது. 1,500-க்கு மேற்பட்ட கோப்புகளைத் தங்களால் பதிவிறக்க முடிந்தது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், ரத்தப் பரிசோதனை முடிவு, நோயின் பெயர் எல்லாம் அவற்றில் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. பாட்களை முடக்க நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஒன்றை மூடினால் இன்னொன்று திறந்தது.

வங்கி எண் திருடு போனால் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். நோயின் பெயர் ஒருமுறை வெளியே போனால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. கருச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்ற பெண், மனநல மருத்துவரிடம் போன இளைஞர், புற்றுநோயை வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் தாத்தா ஆகியோருக்குத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லும் உரிமை இருக்கிறது. பிளான் கோப்பில் தன் வரியைத் தானே எழுதிய ஸ்டான்போர்டு ஆய்வாளருக்கு இருந்த அதே உரிமை அது.

குழுவிலிருந்து வீட்டு வாசலுக்கு

குழுவில் சேர்வதே ஒரு தகவல். எந்தச் சங்கத்தில் இருக்கிறோம், எந்தக் கட்சிக் குழுவில் இருக்கிறோம், எந்த நோயாளிகள் குழுவில் இருக்கிறோம் என்பது பெயரைவிட அதிகம் பேசும். 2019-ல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் டெலிகிராமின் பொதுக் குழுக்களில் திரண்டார்கள். செல்போன் எண்ணை மறைத்து வைத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் உள்ளூர்ப் பொறியாளர்கள் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாகத் தன் போனில் தொடர்புகளாகச் சேர்த்துக்கொண்டால், குழுவில் உள்ள எந்த உறுப்பினருக்கு எந்த எண் என்று செயலியே பொருத்திக் காட்டிவிடும். எண் தெரிந்தால் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் வீட்டுக் கதவு தட்டப்படும். அதன் பிறகுதான், ‘என் எண்ணை வைத்து யார் என்னைக் கண்டுபிடிக்கலாம்’ என்பதைப் பயனரே கட்டுப்படுத்தும் அமைப்பை டெலிகிராம் கொண்டுவந்தது.

2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப்பில் இதே வகைச் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மணிக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட எண்களை அனுப்பிக் கேட்டும் யாரும் தடுக்கவில்லை. இப்படியே உலகம் முழுவதிலும் 350 கோடி கணக்குகளை அவர்கள் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். எல்லா நாடுகளிலும் அதிகக் கணக்குகள் இருந்தது இந்தியாவில்தான். ஆய்வாளர்கள் நிறுவனத்திடம் சொல்லி ஓட்டையை அடைக்க வைத்தார்கள்.

பார்த்தது யார் என்று சொல்லும் நாடு

எஸ்தோனியா சுமார் 13 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு. 2001 முதல் அதன் அரசுத் தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒருவரின் அடையாள எண்ணைத் தட்டினால் அதிகாரிக்குப் பல விவரங்கள் கிடைக்கும். அதற்கு ஈடாக அங்கே குடிமகனுக்கும் ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். 2017 முதல் இயங்கும் ‘தரவுத் தடம்’ என்ற சேவையில் நுழைந்தால், அதில் இணைந்துள்ள தரவுத்தளங்களில் தன் விவரத்தை எந்த நிறுவனம், எந்த நாளில், எதற்காகப் பார்த்தது என்று அவர் பார்க்கலாம். மருத்துவப் பதிவை எந்த மருத்துவர் திறந்தார் என்பதும் தெரியும். காரணமில்லாமல் எட்டிப் பார்த்தவர் மீது புகார் செய்யலாம். “உன்னைத் தேடி ஒருத்தர் வந்தாருப்பா” என்று அரசே வந்து சொல்கிறது.

நமக்கும் அடித்தளம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-ல், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. யாருடைய தரவை யார் அணுகினார்கள் என்ற பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன.

அதாவது, பார்த்தவர் யார் என்ற ஏடு இனி எழுதப்படும். அந்த ஏட்டைத் தேடப்பட்டவரின் கண்ணுக்குக் காட்டுவது மட்டுமே பாக்கி. தன் தரவு எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. எந்த ஊழியர் எந்த நாளில் திறந்து பார்த்தார் என்று கேட்கும் உரிமையும் வேண்டும். ஆதாரில் இதன் சின்ன வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றை அதன் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்க்கலாம். ஆதாருக்குச் செய்ய முடிந்ததை மருத்துவமனைக்கும், காப்பீட்டுக்கும், ரேஷன் அட்டைக்கும், வாக்காளர் பட்டியலுக்கும் செய்ய முடியும்.

இன்றே செய்யக்கூடியவை

டெலிகிராம் அமைப்புகளில் செல்போன் எண்ணை ‘யாருக்கும் வேண்டாம்’ என்றும், எண்ணை வைத்துத் தேடுவதை ‘என் தொடர்புகள்’ என்றும் மாற்றுங்கள். டெலிகிராம், வாட்ஸ்அப் இரண்டிலும் உங்களைக் குழுவில் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் புகைப்படத்தையும் அப்படியே. முன்பின் தெரியாத பாட், எண்ணைப் பகிரச் சொல்லிப் பொத்தான் காட்டினால் அழுத்தாதீர்கள். உங்கள் பெயரில் எத்தனை செல்போன் இணைப்புகள் இருக்கின்றன என்று அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பாருங்கள். மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். அடுத்தவரின் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லி யாராவது ஒரு பாட்டின் இணைப்பை அனுப்பினால், ஆசைக்காகக்கூடத் தட்டிப் பார்க்காதீர்கள். தேடுகிற ஒவ்வொருவராலும்தான் அந்தக் கடை நடக்கிறது.

அட்மின்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பழைய மாணவர் குழு, குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு எல்லாவற்றிலும் ஒரு எக்செல் பட்டியல் சுற்றுகிறது. பெயர், எண், வீட்டு முகவரி, பிறந்த நாள், திருமண நாள், பிள்ளைகள் படிக்கும் பள்ளி என எல்லாம் அதில் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் அன்பில் பிறந்த பட்டியல்தான் அது. ஆனால் குழுவில் 300 பேர் இருந்தால் 300 போன்களில் அது உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து எண்ணை எடுத்து இரவில் செய்தி அனுப்பும் ஒருவனால், குழுவை விட்டே வெளியேறிய பெண்கள் நம் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான். அந்தக் கோப்பை அழியுங்கள். குழுவில் பாட்டைச் சேர்ப்பதற்கு முன், அதை யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். தேவையில்லாமல் அதை அட்மின் ஆக்காதீர்கள்.

பாட்டை வேறு மாதிரியும் எழுதலாம். ரத்த தானம் செய்பவர்களின் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி, ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். ‘/ரத்தம்’ என்று தட்டியதும் பத்துக் கொடையாளர்களின் பெயரையும் எண்ணையும் கொட்டும் பாட்டை ஒருவர் எழுதலாம். மறுநாளிலிருந்து அந்தப் பத்து பேருக்கும் யார் யாரோ அழைப்பார்கள். மூன்றாவது மாதம் அவர்கள் குழுவை விட்டுப் போவார்கள். இன்னொருவர், கேட்பவரின் பெயரையும் மருத்துவமனையையும் தேவையையும் முதலில் வாங்கிக்கொள்ளும் பாட்டை எழுதலாம். அது பட்டியலை யாருக்கும் காட்டாது. ஏற்கெனவே தன்னிடம் பதிந்துகொண்ட கொடையாளருக்கு அது ஒரு செய்தி அனுப்பும். அதை எழுதக் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு மாலைப்பொழுதுதான்.

அந்தச் செய்தி இப்படி இருக்கட்டும்: “உங்களைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். இன்ன பெயர், இன்ன மருத்துவமனை, அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்கிறார். உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா?”